மேட் டில்லன் எந்த மார்ஷல்? ‘கன்ஸ்மோக்’ தொடரும் டாட்ஜ் சிட்டியின் உண்மைக் காவலும்

கேள்வி: ‘கன்ஸ்மோக்’ என்ற பழைய அமெரிக்க டிவி தொடரைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் 1870-களை ஒட்டி நடக்கும் கதை. அதில் மார்ஷல், அதாவது காவல் அதிகாரியாக வரும் மேட் டில்லன் ஒரு பகுதியில் குடிகாரனைப் பிடித்து உள்ளே போடுகிறார், அடுத்த பகுதியில் கொலைகாரனைத் துரத்திக்கொண்டு நாள் கணக்கில் குதிரையில் போகிறார், இன்னொன்றில் கைதியைத் தூக்குமேடைக்கு அழைத்துச் செல்கிறார். அந்தக் காலத்தில் ஒரே ஆளுக்கு இவ்வளவு அதிகாரம் இருந்ததா? ஊருக்குள் எல்லோரும் துப்பாக்கியோடுதான் திரிந்தார்களா? 635 பகுதிகளில் எங்கிருந்து பார்ப்பது?

முதல் கேள்விக்கான பதில்தான் தொடரைப் புரிந்துகொள்ளச் சாவி. டில்லன் செய்யும் வேலை உண்மையில் மூன்று தனித்தனிப் பதவிகளுக்கு உரியது. தொடர் மூன்றையும் சேர்த்து ஒருவர் தலையில் வைத்தது. நாடகத்துக்கு அது பெரிய லாபம். ஆனால் அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஒவ்வொரு கதையிலும் அவர் எந்த இடத்தில் சிக்கித் தவிக்கிறார் என்பது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

கீழ்ப்படியில் இருப்பவர் ஊர் மார்ஷல். டாட்ஜ் சிட்டி 1875-இல் முறைப்படி நகரமானபின் அவரை மேயரும் நகரசபையும் நியமித்தார்கள். அவருக்குக் கீழே ஓர் உதவி மார்ஷலும் சில காவலர்களும். நகரசபை போட்ட உள்ளூர் விதிகளைக் காப்பதே அவர்கள் வேலை: குடித்துவிட்டுக் கலாட்டா செய்வது, துப்பாக்கி வைத்துக்கொண்டு நடப்பது, குதிரையோடு கடைக்குள் நுழைவது போன்றவை. பிடிபட்டவரை நகரின் காவல் நீதிபதி முன் நிறுத்துவார்கள், அவர் அபராதம் போடுவார், கட்டிவிட்டு ஆள் கிளம்பிவிடுவார். கான்சஸின் மாட்டுச் சந்தை ஊர்களில் தெருநாய்களை ஒழிப்பதும் மர நடைபாதையைச் செப்பனிடுவதும்கூட இந்த மார்ஷல்களின் தலையில்தான் விழுந்தன. புகழ்பெற்ற வையட் ஏர்ப் டாட்ஜ் சிட்டியில் ஊர் மார்ஷலாக இருந்ததே இல்லை. 1876 முதல் 1879 வரை இடைவெளி விட்டு விட்டு அங்கே காவல் பணியில் இருந்தார், உயர்ந்தபட்சம் உதவி மார்ஷல்.

அடுத்தவர் ஷெரிப். இவர் ஊருக்கு அல்ல, கவுன்ட்டிக்கு உரியவர். நம் மாவட்டத்தோடு ஒருவாறு ஒப்பிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். கொலை, குதிரைத் திருட்டு, வழிப்பறி போன்ற பெருங்குற்றங்களில் ஆளைத் துரத்திப் பிடிப்பது, கவுன்ட்டிச் சிறையைப் பார்த்துக்கொள்வது, நீதிமன்ற ஆணைகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, தீர்ப்பை நிறைவேற்றுவது எல்லாம் இவர் பொறுப்பு. டாட்ஜ் சிட்டி இருந்த ஃபோர்டு கவுன்ட்டியின் முதல் ஷெரிப் சார்லி பாசெட். 1877 நவம்பர் தேர்தலில் பேட் மாஸ்டர்சன் வெறும் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்து அந்த இடத்துக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது நிறையவில்லை. மேற்கே இன்னும் நிர்வாகம் அமையாத கவுன்ட்டிகளும் நீதி விஷயத்தில் ஃபோர்டு கவுன்ட்டியோடு இணைக்கப்பட்டிருந்ததால், அவர் சுற்ற வேண்டிய பரப்பு மிகப் பெரியது.

மூன்றாமவர்தான் டில்லன் அணிந்திருக்கும் பதவிச் சின்னத்துக்கு உரியவர்: அமெரிக்க மார்ஷல், அதாவது மத்திய அரசின் மார்ஷல். 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் உண்டாக்கிய பதவி இது. குடியரசுத் தலைவர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும், பதவிக்காலம் நான்கு ஆண்டு. கான்சஸ் மாநிலம் முழுமைக்கும் இப்படி ஒருவர்தான் உண்டு. அவர் எல்லைப்புற ஊரில் சிறைக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார். மத்திய நீதிமன்றம் கூடும் இடத்தில் இருந்துகொண்டு, ஆங்காங்கே துணை மார்ஷல்களை நியமிப்பார். ஆகவே டாட்ஜ் சிட்டியிலேயே குடியிருக்கும் டில்லன், நிஜத்தில் இருந்திருந்தால், துணை மார்ஷலாகத்தான் இருந்திருக்க முடியும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு அதிகார எல்லை. மத்திய மார்ஷல் மத்தியச் சட்டத்தை மீறியவர்களைத்தான் பிடிக்கலாம்: தபால் கொள்ளை, கள்ள நாணயம், பூர்வகுடிகளின் நிலப்பகுதியில் சாராயம் விற்பது, ராணுவத்தை விட்டு ஓடுவது போன்றவை. கான்சஸ் 1861-இலேயே மாநிலமாகிவிட்டது. எனவே அதன் மண்ணில் ஒருவன் இன்னொருவனைச் சுட்டுக் கொன்றால் அது மாநிலச் சட்டப்படியான குற்றம், ஷெரிப்பின் வழக்கு. டில்லன் கையாளும் வழக்குகளில் பெரும்பாலானவை, சட்டப்படி பார்த்தால், அவர் மேசைக்கே வந்திருக்கக் கூடாதவை.

இதை வைத்துத் தொடர் பொய் சொல்கிறது என்று ஒதுக்கிவிட முடியாது. ஒருவரே இரண்டு பதவிச் சின்னம் வைத்திருப்பது அன்று சாதாரணம். மாஸ்டர்சன் ஷெரிப்பாக இருந்தபோதே 1879-இல் துணை மத்திய மார்ஷலாகவும் நியமிக்கப்பட்டார். அரிசோனாவின் டூம்ஸ்டோனில் வையட்டின் அண்ணன் வர்ஜில் ஏர்ப் 1881-இல் ஒரே சமயத்தில் ஊர் மார்ஷலாகவும் துணை மத்திய மார்ஷலாகவும் இருந்தார். டில்லனை இப்படி இரட்டைப் பதவி வகித்த ஒருவராக மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அநேகமாக எல்லாக் கதையும் பொருந்திவிடும். உதவியாளர் செஸ்டரையும் கவனியுங்கள். அவர் பதவியேற்ற துணை அதிகாரி அல்ல. காப்பி போடுகிறார், சிறையைப் பெருக்குகிறார், தேவைப்பட்டால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறார்.

சம்பள விஷயத்தில் தொடர் கொஞ்சம் மழுப்புகிறது. 1896 வரை மத்திய மார்ஷல் துறையில் இருந்தவர்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது. கொண்டுசேர்த்த ஆணைக்கு இவ்வளவு, பயணம் செய்த மைலுக்கு இவ்வளவு என்று கட்டணக் கணக்குதான். வேலை இல்லாத மாதத்தில் வரும்படியும் இல்லை. ஊர்க் காவலர்கள் நிலை கொஞ்சம் மேல், மாதச் சம்பளத்தோடு கைதுக்கு இவ்வளவு என்று கட்டணமும் உண்டு. இந்த ஏற்பாட்டினால்தான் பலர் பக்கத்திலேயே சீட்டாட்ட மேசையும் மதுக்கடைப் பங்கும் வைத்திருந்தார்கள். டில்லனுக்கு அப்படி எந்தப் பக்க வருமானமும் கிடையாது. எழுத்தாளர்கள் அவருக்குக் கொடுத்த நேர்மை அது, வரலாறு கொடுத்ததல்ல.

ஊர் மார்ஷலும் ஷெரிப்பும் எப்படிக் கலந்து வேலை செய்தார்கள் என்பதற்கு 1878 அக்டோபரில் நடந்த ஒரு கொலை நல்ல எடுத்துக்காட்டு. மேயர் ஜேம்ஸ் கெல்லியின் மீது வஞ்சம் வைத்திருந்த ஸ்பைக் கென்னடி என்ற டெக்ஸாஸ் இளைஞன், அதிகாலையில் அவர் வீட்டுக்குள் சுட்டான். மேயர் ஊரில் இல்லை. அங்கே தூங்கிக்கொண்டிருந்த பாடகி டோரா ஹேண்டின் மீது குண்டு பாய்ந்தது. துரத்திப்போன குழுவில் ஷெரிப் மாஸ்டர்சன், அப்போது ஊர் மார்ஷலாகியிருந்த பாசெட், உதவி மார்ஷல் ஏர்ப், பில் டில்மன் எல்லோரும் இருந்தார்கள். நகர எல்லை தாண்டியதும் பாசெட்டுக்கும் ஏர்ப்புக்கும் ஊர்க் காவலர் என்ற முறையில் அதிகாரம் இல்லை. ஷெரிப்போடு சேர்ந்து போனதால்தான் அது சட்டபூர்வமான துரத்தல் ஆயிற்று. கென்னடி போன வழியிலேயே பின்தொடராமல், அவன் எங்கே ஆற்றைக் கடப்பான் என்று ஊகித்து முந்திக்கொண்டு போய்க் காத்திருந்தார்கள். குதிரையையும் சுட்டு, அவன் தோளிலும் குண்டு பாய்ச்சி உயிரோடு பிடித்தார்கள். அதன் பிறகு நடந்ததைத் தொடரில் அதிகம் பார்க்க முடியாது: போதிய சாட்சியம் இல்லை என்று அவன் விடுவிக்கப்பட்டான். அவனுடைய தந்தை டெக்ஸாஸின் பெரும் பண்ணை முதலாளிகளில் ஒருவர்.

இனி துப்பாக்கி. தொடரில் எல்லோர் இடுப்பிலும் ரிவால்வர் தொங்குகிறது. உண்மையான டாட்ஜ் சிட்டியில் அப்படி நடந்தால் உடனே கைது. ஊரின் நடுவே ரயில் பாதை ஓடியது. அதற்கு வடக்கே ஃப்ரண்ட் ஸ்ட்ரீட், கடைகள், வணிகர்கள். பாதைக்குத் தெற்கே கேளிக்கை விடுதிகள். அந்தப் பாதையைத்தான் ‘டெட்லைன்’ என்று அழைத்தார்கள். வடக்கே துப்பாக்கி எடுத்துவரத் தடை. தெருவில் கிணற்றுக்குப் பக்கத்தில் ‘துப்பாக்கி கொண்டுசெல்வது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டுள்ளது’ என்று பலகை நின்ற புகைப்படம் இன்றும் இருக்கிறது. அதே பலகையில் ஒரு மருந்துக் கஷாயத்துக்கு விளம்பரமும் உண்டு. ஊருக்குள் வந்தவுடன் கடையிலோ சலூனிலோ துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். (சலூன் என்றால் அங்கே மதுக்கடை, நம் ஊரில் அந்தச் சொல் முடிதிருத்தகத்துக்குப் போய்விட்டது.)

ஏன் இந்தக் கண்டிப்பு? காரணம் பணம். டெக்ஸாஸிலிருந்து மாதக்கணக்கில் மாட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வரும் இளைஞர்கள் கோடைக்காலத்தில் கூலியோடு ஊருக்குள் இறங்குவார்கள். அவர்கள் குடிக்க வேண்டும், சூதாட வேண்டும், புதுத் தொப்பி வாங்க வேண்டும். ஆனால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டால் மந்தை முதலாளிகள் அடுத்த ஆண்டு வேறு ரயில் நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் காவலர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது சுடுவது அல்ல, சுடாமல் அடக்குவது. ரிவால்வரின் குழலால் தலையில் ஓங்கி ஒரு தட்டு, மயங்கியவனைச் சிறையில் கிடத்துவது, காலையில் அபராதம். ஏர்ப் பேர் வாங்கியது இந்த முறையில்தான்.

இதன் பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. 1870 முதல் 1885 வரை கான்சஸின் ஐந்து பெரிய மாட்டுச் சந்தை ஊர்களிலும் சேர்த்து ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்ட கொலைகள் 45. டாட்ஜ் சிட்டியின் பத்தாண்டு மாட்டு வியாபாரக் காலத்தில் அதன் பங்கு 15. டில்லன் தொடரின் ஒரே பருவத்தில் (சீசன்) இந்தக் கணக்கைத் தாண்டிவிடுவார். ஆனால் இதை ஊரின் முழு வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரயில் வந்த 1872-ஐ ஒட்டிய ஓரிரு ஆண்டுகள், நகரசபையும் மார்ஷலும் இல்லாத காலம், மிக ரத்தக்களரியானவை. அந்த 45-இல் அவை சேரவில்லை, ஏனென்றால் டாட்ஜ் அப்போது மாட்டு ஊராகவில்லை, எருமைத் தோல் ஊராகத்தான் இருந்தது.

ஆயுதத்தைப் பறிப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு பேட்டின் அண்ணன் எட் மாஸ்டர்சன் சாட்சி. அவர் ஊர் மார்ஷல். 1878 ஏப்ரல் 9 இரவு ஜாக் வாக்னர் என்ற குடிகாரக் கௌபாயிடமிருந்து ரிவால்வரை வாங்கி, அவனுடைய மேலாள் வாக்கரிடம் கொடுத்து, பத்திரமாக ஒப்படைக்கச் சொன்னார். சற்று நேரத்தில் வாக்னர் மறுபடியும் துப்பாக்கியோடு வெளியே நின்றான். இரண்டாம் முறை பிடுங்கப்போன எட்டை வயிற்றில் சுட்டான். உடையில் தீப்பற்றும் அளவுக்கு நெருக்கம். எட் இறந்தார், வாக்னரும் மறுநாள் இறந்தான். பறித்த ஆயுதத்தை அவனுடைய கூட்டாளி கையிலேயே கொடுத்ததுதான் பிழை. டில்லன் பெரும்பாலும் துப்பாக்கியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்வார் அல்லது மேசை இழுப்பறையில் பூட்டுவார். அந்தச் சின்ன அசைவைக் கவனித்துப் பாருங்கள்.

தெரு நடுவில் நின்று யார் முந்தி உருவுகிறார் என்று பார்க்கும் சண்டை, தொடரின் தொடக்கக் காட்சியிலேயே வருவது, மிகமிக அரிது. டில்லனுக்கு எதிரே நிற்பவர் ஆர்வோ ஓஜாலா. ஹாலிவுட் நடிகர்களுக்கு வேகமாக உருவக் கற்றுக்கொடுத்தவர், அதற்கென்றே துப்பாக்கி உறை வடிவமைத்தவர். அவருடைய உறையில் தோலுக்கு நடுவே உலோகத் தகடு உண்டு. அதனால் ரிவால்வர் உறைக்குள் இருக்கும்போதே, தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கலாம். தோட்டாக்கள் இருக்கும் உருளை தோலில் மாட்டாமல் சுழலும். 1870-களின் உறை வெறும் மெத்தென்ற தோல், துப்பாக்கியை ஆழமாக விழுங்கியிருக்கும், வேகமாக உருவ முயன்றால் சிக்கும். டில்லன் கையில் இருக்கும் 1873 மாதிரி கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வேண்டும். ஆறு அறை இருந்தாலும் அனுபவசாலிகள் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். சுத்தியல் நிற்கும் அறை காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீழே விழுந்தாலே வெடித்துவிடும். ஆகவே நிற்காமல் ஆறு குண்டு சுடும் காட்சியைப் பார்த்தால் அது படப்பிடிப்பு வசதிக்காக என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடரின் பெயருக்கு வருவோம். புகையில்லா வெடிமருந்து 1880-களின் நடுவில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் கரிமருந்துதான். ஒரு குண்டு சுட்டாலே வெண்புகை மண்டும். மூடிய அறையில் மூன்று நான்கு குண்டுக்குப் பிறகு எதிராளி தெரிய மாட்டார். கிட்டி ரசலின் கடையாகத் தொடர் காட்டும் லாங் பிராஞ்ச் சலூன் டாட்ஜ் சிட்டியில் உண்மையாகவே இருந்தது. அங்கே 1879 ஏப்ரல் 5 அன்று ஃபிராங்க் லவிங் என்ற சூதாடியும் லீவை ரிச்சர்ட்சன் என்பவரும் துப்பாக்கிக் குழல்கள் உரசும் தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டார்கள். இருவருமாகப் பத்துக் குண்டுக்கு மேல் சுட்டும் லவிங்குக்குக் கையில் ஒரு கீறல் மட்டுமே. ரிச்சர்ட்சன் செத்தார். மரண விசாரணை நடுவர்கள் தற்காப்பு என்று தீர்ப்பளித்து லவிங்கை விட்டுவிட்டார்கள். பதற்றத்தில் அருகிலிருந்தும் குறி தப்புவது, புகை, பிறகு காகித விசாரணை: சண்டையின் உண்மை முகம் இதுதான்.

தொடரின் முதல் கதை இந்த இடத்தில்தான் என்னை வியக்க வைக்கிறது. 1955 செப்டம்பர் 10 அன்று ஜான் வெய்ன் திரையில் தோன்றி அறிமுகம் செய்துவைத்த அந்தக் கதையில், டில்லன் தோற்றுச் சுடப்பட்டு விழுகிறார். எதிராளி டான் கிராட் மின்னல் வேகக்காரன், ஆனால் மிக அருகில் நெருங்கி நின்றுதான் சுடுவான். உடம்பு தேறிய டில்லன் அதைக் கண்டுபிடித்து, அடுத்த முறை அவனை நெருங்க விடாமல் தூரத்தில் வைத்தே சுடுகிறார். வேகத்தைவிடக் குறியும் தூரமும் முக்கியம் என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு இப்போது பதில் சுலபம். 635 பகுதிகளும் ஒரே மாதிரியானவை அல்ல. முதல் ஆறு பருவங்கள் கறுப்பு வெள்ளை, அரைமணி நேரம், 233 பகுதிகள். ஏழு முதல் பதினொன்றாம் பருவம் வரை கறுப்பு வெள்ளை, ஒரு மணி நேரம், 176. மீதி 226-உம் வண்ணத்தில், ஒரு மணி நேரம். அரைமணிப் பகுதிகள் மறுஒளிபரப்பில் ‘மார்ஷல் டில்லன்’ என்ற வேறு பெயரில் வந்தன. அந்தப் பெயரைக் கண்டால் வேறு தொடர் என்று நினைத்துத் தாண்டிவிட வேண்டாம்.

முதலில் அரைமணிப் பகுதிகளைப் பாருங்கள், அதிலும் ஜான் மெஸ்டன் பெயர் வருபவற்றை. அவரும் தயாரிப்பாளர் நார்மன் மக்டானலும் சேர்ந்து 1952-இல் இதை வானொலி நாடகமாகத் தொடங்கினார்கள். வில்லியம் கான்ராட் குரலில் டில்லன் ஒலித்த அந்த வடிவம் 1961 வரை தொலைக்காட்சிக்கு இணையாகவே ஓடியது. தொடக்க கால டிவி கதைகள் பல வானொலியில் வந்தவையே. மெஸ்டனின் கதையில் நியாயம் கடைசியில் ஜெயித்தே தீரும் என்ற உத்தரவாதம் கிடையாது. கொடுமைக்காரன் தப்பிவிடலாம், நல்லவன் முட்டாள்தனமாகச் சாகலாம், டில்லன் தாமதமாக வந்து சேரலாம். ஆரம்பப் பருவங்களில் அவர் ஊர் இடுகாடான பூட் ஹில்லில் நின்று தனக்குள் பேசிக்கொண்டே கதையைத் தொடங்குவார். அந்தச் சோகம் அலங்காரத்துக்காக வைத்ததல்ல.

ஒரு மணி நேரப் பகுதிகளில் 1962-இல் வந்த ‘தி காலோஸ்’ கட்டாயம் பார்க்க வேண்டியது, மெஸ்டன் எழுதியது. வழியில் தன் உயிரைக் காப்பாற்றியவனையே தூக்குக்கு ஒப்படைக்க வேண்டிய நிலை டில்லனுக்கு. மேலே சொன்ன அதிகாரப் பிரிவினை இங்கேதான் வலிக்கும்: தீர்ப்பு நீதிபதியுடையது, கை மட்டும் டில்லனுடையது. வண்ணப் பகுதிகளில் பெட்டி டேவிஸ் நடித்த ‘தி ஜெய்லர்’ (1966), ஸ்டீவ் ஃபாரஸ்ட் வில்லனாக வரும் ‘மேனன்’ (1969) இரண்டும் வலுவானவை. பிற்காலப் பருவங்களில் பல கதைகள் விருந்தினர் நடிகரைச் சுற்றியே சுழலும், டில்லன் ஓரிரு காட்சியில் வந்து போவார். டில்லனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸ் இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் ஆன்ஸியோவில் வலது காலில் பட்ட காயத்தோடு வாழ்ந்தவர். நீண்ட நாள் குதிரைச் சவாரிக் காட்சிகள் அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. அவர் நடையைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் 1964-இல் விலகியபின், அந்த இடத்தைக் கென் கர்ட்டிஸின் ஃபெஸ்டஸ் நிரப்பினார். இருவரில் யார் மேல் என்ற வாதம் ரசிகர்களிடையே இன்னும் ஓயவில்லை. என் பார்வையில் செஸ்டர் இருந்த காலத்தில் கதை இறுக்கம், ஃபெஸ்டஸ் காலத்தில் பேச்சுச் சுவை. ஊர் மருத்துவர் டாக் ஆடம்ஸாக வரும் மில்பர்ன் ஸ்டோனும் ஃபெஸ்டஸும் சண்டை போட்டுக்கொள்ளும் காட்சிகளுக்காகவே சில பலவீனமான பகுதிகளையும் மன்னிக்கலாம். ஸ்டோன் 1968-இல் எம்மி என்ற தொலைக்காட்சி விருதை வாங்கினார், வீவர் 1959-இலேயே வாங்கிவிட்டார்.

பருவ வரிசையில் பார்க்க முடிவு செய்தால் 1967-ஐக் கவனியுங்கள். பார்வையாளர் குறைந்து தொடரை நிறுத்த முடிவெடுத்த சிபிஎஸ் ஒளிபரப்பு நிறுவனம், அதன் தலைவர் வில்லியம் பேலி குறுக்கிட்டபின் சனிக்கிழமை இரவிலிருந்து திங்கட்கிழமை மாலைக்கு மாற்றியது. புதிய நேரத்தில் குழந்தைகளும் பார்க்கத் தொடங்கினார்கள், தொடர் மீண்டும் முதல் பத்துக்குள் வந்தது. அதன்பின் வன்முறை குறைந்து குடும்பக் கதைகள் கூடியிருப்பது தெளிவாகத் தெரியும். 1974-இல் கிட்டியாக நடித்த அமாண்டா பிளேக் விலகினார். கடைசிப் புதிய பகுதி 1975 மார்ச் 31-இல் ஒளிபரப்பானது.

பார்க்கும்போது ஒன்றை மட்டும் மன்னித்துவிடுங்கள். உண்மையான டாட்ஜ் சிட்டி அர்கான்சஸ் ஆற்றங்கரையில், கண்ணுக்கு எட்டிய தூரம் மரமே இல்லாத சமவெளியில் இருக்கிறது. தொடரில் ஊருக்கு வெளியே போனவுடன் பாறையும் மலையும் வரும். அது கலிஃபோர்னியா.